மீட்டர் அக்கா வீட்டு விருந்தாளி

அந்தக் கட்டடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு நேரே 'அக்கா'. முதுகுக்குப் பின்னால் 'மீட்டர் அக்கா'. தான் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் படுக்கையறைக்கு உள்வாடகை கொடுத்துக் குடியிருந்த ஏ.சி. மெக்கானிக்கும் அவன் மனைவியும் எவ்வளவு கரண்ட் இழுக்கிறார்கள் என்று பார்க்க, அவர்கள் கதவுக்கு மேலே தனியாக ஒரு மீட்டர் மாட்டி வைத்தவள் அவள். ஊருக்கெல்லாம் ஏ.சி. ரிப்பேர் செய்கிறவன் ஏ.சி.க்குப் பயந்து வியர்வையில் படுக்கிற ஒரே வீடு இதுதான் என்று மெக்கானிக் சொல்லிச் சிரிப்பான். சிரித்துவிட்டு, கேட்ட காசைக் கொடுத்துவிடுவான். அந்த வெளிநாட்டு ஊரில் அதைவிடக் குறைந்த வாடகைக்கு இடம் கிடைக்காது என்பது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

கூடத்தின் நடுவே கயிறு கட்டித் தடித்த திரை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தாள். திரைக்கு இந்தப் பக்கம் ஒரு நர்ஸ், அந்தப் பக்கம் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிற பெண். ஆளுக்கு ஒரு கட்டில், ஒரு அலமாரித் தட்டு, சுவரில் இரண்டு ஆணி. ஃபிரிட்ஜுக்குள் கலர் டேப் ஒட்டி எல்லை பிரித்திருந்தது. மீட்டர் அக்காவும் அவள் கணவரும் சமையலறையை ஒட்டிய ஸ்டோர் ரூமில், அரிசி மூட்டைக்கும் பழைய பெட்டிகளுக்கும் நடுவில் படுத்தார்கள். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கணவர் ஒரு உதிரிபாகக் கிடங்கில் ஸ்டோர்கீப்பர். "பகல்ல ஒரு ஸ்டோர், ராத்திரி ஒரு ஸ்டோர். நமக்கு பிரமோஷனே கிடையாது" என்பார். அந்த வீட்டில் அவர் பேசியதில் பாதி அதுதான்.

அவளுக்கு வேலை ஒரு பள்ளிக்கூடத்தில், ஃபீஸ் கட்டும் கவுண்டரில். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து ஊரார் பிள்ளைகளின் ஃபீஸை வாங்கி ரசீது போட்டுக் கொடுத்துவிட்டு, பஸ் காசை மிச்சம் பிடிக்க இரண்டு நிறுத்தம் நடந்து, மார்க்கெட் மூடுகிற நேரமாகப் பார்த்துப் போய், வாடின கீரையையும் அடிபட்ட தக்காளியையும் பாதி விலைக்கு வாங்கி வருவாள். ஒரு தேயிலைப் பையில் இரண்டு தம்ளர் டீ. பற்பசைக் குழாயைக் கத்தரிக்கோலால் வெட்டி உள்ளே வழித்துத் தேய்த்தால் இன்னும் ஒரு வாரம். எச்சில் கையால் காக்கா ஓட்டமாட்டாள் என்று நர்ஸ் சொல்வாள். அதற்குப் பில் போடுகிற பெண், "ஓட்டுவாங்க. காக்காகிட்ட காசு வாங்கிட்டு ஓட்டுவாங்க" என்பாள்.

அவர்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அத்தனை கஞ்சத்தனமும் ஒரே ஒருவனுக்காக.

மகனை நான்கு வயதில் ஊரில் தங்கையிடம் விட்டுவிட்டு வந்தாள். தங்கைக்குக் குழந்தை இல்லை. ஒரே ஒரு வருஷம், ஒரு அறை வீடாவது பார்த்துக்கொண்டு கூட்டிக்கொள்கிறோம் என்றுதான் பேச்சு. அந்த வருஷம் வாடகை ஏறியது. அடுத்த வருஷம் ஊரில் ஒரு மனை மலிவாக வந்தது. அதற்கடுத்த வருஷம் மனை சும்மா கிடக்கிறதே என்று அஸ்திவாரம் போட்டார்கள். அஸ்திவாரம் போட்டால் சுவர் எழுப்பாமல் விட முடியுமா? கீழ்வீடு முடிந்து தங்கை குடும்பம் அதில் குடிபுகுந்ததும் மாடி. மாடி அவனுக்கு, அவன் படித்து, கல்யாணம் செய்து, குடும்பமாக வாழப் போகிற மாடி. பையனைக் கூட்டிவரும் வருஷம் மட்டும் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

ஊருக்குப் போய்ப் பார்க்கலாம் என்றால் விமான டிக்கெட் மலிவாகக் கிடைக்கிற மாதம் அவனுக்குப் பரீட்சை மாதம். அவள் போய் இறங்குகிற நேரமெல்லாம் அவன் புத்தகத்தோடு டியூஷனுக்குப் போய்க்கொண்டிருப்பான். சின்ன வயதில் தெருப் பிள்ளைகளிடம், "எனக்கு ரெண்டு அம்மா. ஒண்ணு வீட்டு அம்மா, ஒண்ணு போன் அம்மா" என்று பெருமை அடிப்பானாம். தங்கை சொல்லக் கேட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். வளர வளர, போனை எடுத்தால் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் நேராக விஷயத்துக்கு வந்துவிடுவான். "நல்லா இருக்கேன். சாப்பிட்டேன். அம்மாகிட்ட குடுக்கறேன்." அந்த 'அம்மா' தங்கை.

இப்போது பள்ளி முடித்துவிட்டான். இதற்கு மேல் தள்ளிப்போட எதுவும் இல்லை. அவள் இங்கேயே ஒரு கல்லூரியில் அவனுக்கு இடம் வாங்கி, முன்பணமும் கட்டிவிட்டாள். ஒரு மாதம் வந்து இருந்து பார்க்கட்டும், பிடித்தால் சேரட்டும், பிடிக்காவிட்டால் வற்புறுத்தாதே என்று தங்கை போனில் சொன்னாள். மீட்டர் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. பெற்ற தாயோடு இருக்கப் பிடிக்காமல் போகுமா?

விமான நிலையத்துக்குப் போனாள். கண்ணாடிக் கதவு திறந்து, மீசை அரும்பிய ஒருத்தன் பெரிய பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். கட்டிக்கொண்டாள். அவன் கைகளைத் தொங்கவிட்டபடி, பஸ்ஸில் இடிபடுகிறவன் நிற்பதுபோல மரியாதையாக நின்றான். டாக்ஸி கேட்ட கூலியில் ஒரு வாரக் காய்கறி வாங்கலாம். அதனால் இரண்டு பஸ் மாறி, பெட்டியை இருவருமாகத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். வீட்டில் பெட்டியைத் திறந்தால் உள்ளே இருந்ததெல்லாம் அவள் எழுதி அனுப்பிய சாமான்: சோப்பு, எண்ணெய், குக்கர் ரப்பர், ஸ்டோர்கீப்பரின் சர்க்கரை மாத்திரை. இங்கே விற்கிற விலையில் பாதிதான் ஊரில். அவனுடைய துணி இரண்டு செட், தோளில் மாட்டி வந்த பைக்குள் இருந்தது. அதற்கு மேல் எடை இடம் கொடுக்கவில்லை.

"கூடத்துல ஒரு மூலையாவது அவனுக்குக் குடு" என்றார் ஸ்டோர்கீப்பர். மூலை இருந்தால்தானே கொடுப்பதற்கு. பில் போடுகிற பெண் மூன்று மாத வாடகை முன்னாலேயே கொடுத்திருந்தாள். காலேஜ் ஃபீஸின் முதல் தவணைக்கு மீட்டர் அக்கா அந்தப் பணத்தைத்தான் எடுத்து வைத்திருந்தாள். ஆகவே அவனுக்குச் சமையலறைத் தரையில் பாய் விரித்தாள். தலை காஸ் அடுப்புப் பக்கம், கால் ஃபிரிட்ஜை முட்டிக்கொண்டு. காலை டியூட்டிக்குப் போகிற நர்ஸ் வெந்நீர் வைக்க வரும்போது அவன் முழங்காலைத் தாண்டிப் போனாள். முதல் நாள், "ஸாரி தம்பி" என்றாள். பிறகு சொல்வதையும் விட்டுவிட்டாள்.

அவன் குறை சொல்லவில்லை. போட்டதைச் சாப்பிட்டான், தட்டைக் கழுவி வைத்தான், பாயைச் சுருட்டி அரிசி மூட்டைமேல் நிறுத்தினான். இப்படி ஒரு பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று அவள் பூரித்தாள். சொந்த வீட்டில் எந்தப் பிள்ளையும் அப்படி இருப்பதில்லை என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஒரு நாள் புதுச்சட்டை வாங்கிப் போட்டு அவனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனாள். இத்தனை வருஷமும் மற்றவர்கள் பிள்ளைகளைக் காட்டக் காட்டப் பார்த்தவள், இன்று தன் பிள்ளையைக் காட்டப் போகிறாள். பக்கத்துக் கவுண்டர்காரி நாற்காலியை விட்டு எழுந்து வந்து அவன் தோளைத் தட்டினாள்.

"இவ்ளோ பெரிய பையனா உங்களுக்கு? அடேயப்பா. ஏன் இவனை இங்கயே சேர்க்கல? நமக்குத்தான் பாதி ஃபீஸாச்சே. என் ரெண்டும் இங்கதானே படிச்சு முடிச்சுது."

மீட்டர் அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. ஏதோ சொல்லிச் சமாளித்தாள். பையன் சிரித்தபடியே நின்றான். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தவன், ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அந்தப் பாதி ஃபீஸ் எப்பலேருந்து?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அந்த நேரத்தில் வாயில் பொய் வரவில்லை. "நான் சேர்ந்ததுலேருந்து" என்றாள். பிறகு, அவன் கேட்காமலே, கடகடவென்று எல்லாவற்றையும் சொன்னாள். பாதி என்றாலும் அதுவும் பெரிய தொகை. அவன் வந்தால் ஒரு அறை வேண்டும், படுக்கையறையை வாடகைக்கு விட முடியாது, அந்த வாடகை இல்லையென்றால் மனை ஏது, வீடு ஏது, மாடி ஏது. "எல்லாம் யாருக்குடா? உனக்குத்தானே."

அவன் தலையை ஆட்டினான். "மாடி நல்லா இருக்கு. டைல்ஸெல்லாம் நல்லா இருக்கு" என்றான். ஓட்டல்காரரிடம் சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு எழுந்து போகிற தொனி அது.

அடி அங்கே விழுந்தது. ஆனால் அதைவிடப் பெரிய அடிக்கு அவளே தன் கையால் வழி செய்து வைத்திருந்தாள்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. குடியிருப்பவர்களைத் தேடி யார் வந்து தங்கினாலும், தாயோ தங்கையோ, நாள் கணக்குப் போட்டுக் காசு தர வேண்டும். தண்ணீருக்கு, வெளிச்சத்துக்கு, நடமாட்டத்துக்கு. நர்ஸின் அக்கா ஒருமுறை வேலை போய், வேறு வேலை தேடிக்கொண்டு நர்ஸின் கட்டிலில் ஒண்டியிருந்தாள். வேலை கிடைக்காமல் அழுது வீங்கிய முகத்தோடு கிளம்பிப் போனவளை வாசலில் நிறுத்தி, வெந்நீர் வாளிக்கும் சேர்த்துக் காசை வாங்கியவள் மீட்டர் அக்கா. வாங்கும்போது, "கோச்சுக்காதம்மா, சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றும் சொன்னாள். நர்ஸ் அதை மறக்கவில்லை.

பையன் வந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். குளியலறை வாசலில் காலை வரிசை நீண்டுகொண்டே போனது. மெக்கானிக் இரண்டு தடவை வேலைக்குத் தாமதமாகப் போய் ஏச்சு வாங்கினான். ஒரு விடுமுறை நாள், எல்லாரும் வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து நர்ஸ் பேச்சை எடுத்தாள். சத்தம் போடவில்லை. ஊசி போடும்போது பேசுகிற மாதிரி இதமாகத்தான் பேசினாள்.

"அக்கா, எங்க அக்கா தங்கினதுக்குக் கணக்குப் போட்டு வாங்கினீங்க. நான் ஒரு வார்த்தை பேசல. இப்ப ஒரு மாசத்துக்கு ஒரு ஆள் கூட. பாத்ரூம் ஒண்ணுதான். எங்க வாடகையில கழிச்சுக்கறோம். இல்லன்னா நாங்க வேற எடம் பாத்துக்கறோம். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

மெக்கானிக்கும் அவன் மனைவியும் தலையாட்டினார்கள். எல்லாரும் ஒன்றாகக் கிளம்பிவிட்டால் அடுத்த மாதம் வீட்டுக்காரனுக்கு என்ன கொடுப்பது? காலேஜ் ஃபீஸை எங்கே போய்த் தேடுவது? அந்த ஒரு நொடியில், பதின்மூன்று வருஷப் பழக்கம் அவள் நாக்கில் ஏறி உட்கார்ந்து பேசியது.

"அவன் ஒண்ணும் சும்மா தங்கல. அவனும் காசு குடுத்துத்தான் தங்கறான்."

நர்ஸ் வாயை மூடிக்கொண்டாள். மீட்டர் அக்கா நிம்மதியாக மூச்சு விட்டுத் திரும்பினாள். சமையலறைத் தொட்டியில் பல் தேய்த்துக்கொண்டிருந்த பையன், பிரஷை வாயில் வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனைத் தனியே அழைத்து விளக்க வேண்டும் என்று நினைத்தாள். கீரை ஆய்கிற வேலை இருந்தது. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், பெற்ற பிள்ளைக்குப் புரியாதா என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை எல்லாரும் வேலைக்குக் கிளம்புகிற நேரம். நர்ஸ் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். பில் போடுகிற பெண் கண்ணாடி முன்னால் நின்றாள். பையன் தன் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தான். ஆபத்து அவசரத்துக்கு இருக்கட்டும் என்று தங்கை மாற்றிக் கொடுத்தனுப்பிய வெளிநாட்டுப் பணம். சாப்பாட்டு மேஜைமேல் வைத்தான்.

"ஒரு மாசத்துக்கு இது போதுமா, அக்கா?"

பில் போடுகிற பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். அடுத்த கணமே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் குத்திக்காட்டவில்லை. அதுதான் கொடுமை. அந்த வீட்டில் காதில் விழுந்ததெல்லாம் 'அக்கா, அக்கா' என்ற ஒரே வார்த்தைதான். அவளை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்த பிள்ளையின் வாயில், ஊர் கூப்பிடுகிற வார்த்தையே வந்து விழுந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அவனுக்கும் உறைத்தது. காது மடல் சிவந்துபோனது.

நர்ஸ் ஒரு செருப்பை மாட்டியபடி நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வாங்குகிறாளா இல்லையா என்று பார்த்தாள்.

மீட்டர் அக்கா கவரை எடுத்துக்கொண்டாள்.

அன்று பள்ளிக்கூடக் கவுண்டரில் அவள் போட்ட ரசீதெல்லாம் தப்பு. மத்தியானமே லீவு சொல்லிவிட்டு ஓடி வந்தாள். கவரை அவன் கையில் திணித்தாள். அழுதாள், நெஞ்சில் அடித்துக்கொண்டாள், அவர்கள் வாயை அடைக்கத்தானடா அப்படிச் சொன்னேன் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். அவன் பதறிப்போய், பரவாயில்லை, பரவாயில்லை என்றான். கவரை மட்டும் வாங்கவில்லை. "தண்ணி, கரண்ட்டெல்லாம் செலவாகுதுல்ல" என்றான்.

அவளுக்கு வெறி பிடித்ததுபோல ஆகிவிட்டது. அன்றைக்கே நர்ஸின் முன்பணத்தையும் பில் போடுகிற பெண்ணின் மூன்று மாத வாடகையையும் எண்ணிக் கொடுத்து, வார முடிவுக்குள் காலி செய்யச் சொன்னாள். கயிற்றை அறுத்துத் திரையை இறக்கினாள். காலேஜுக்கு எடுத்து வைத்த பணம் அதோடு கரைந்தது. போகட்டும், கடன் வாங்கிக் கட்டிக்கொள்ளலாம் என்றாள். அவளை மணந்த நாளிலிருந்து அவள் வாயில் கடன் என்ற வார்த்தையையே கேட்டறியாத ஸ்டோர்கீப்பர் மிரண்டுபோய் நின்றார். கூடத்தின் நடுவில் பையனுக்குக் கட்டில் போட்டாள். புது விரிப்பு, புதுத் தலையணை. ஃபேன் ராத்திரி முழுக்க ஓடியது. அவன் அந்தப் பெரிய கூடத்தில், கட்டிலின் ஒரு ஓரமாக, பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டவன் மாதிரி ஒடுங்கிப் படுத்தான்.

கல்லூரியில் சேரக் கடைசி நாள் வந்தது. காலையில் அவன் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு, பெற்றவர்கள் இருவர் முன்னாலும் உட்கார்ந்தான். தயார் செய்துகொண்டு வந்து பேசுகிறவன்போல் தெரிந்தது.

"நான் ஊருக்கே போயிடறேன். அங்க காலேஜ்ல சீட் இருக்கு, அம்மா விசாரிச்சு வெச்சிருக்கு. நான் இங்க இருந்தா உங்களுக்குச் செலவு."

"செலவா? நீ எனக்குச் செலவாடா?" என்றாள் அவள்.

அவளுடைய கேள்விக்கு அவளே பதின்மூன்று வருஷமாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள் என்பது மூன்று பேருக்கும் தெரிந்துதான் இருந்தது. ஸ்டோர்கீப்பர் எழுந்து ஸ்டோர் ரூமுக்குள் போய் விளக்கைப் போடாமல் உட்கார்ந்துகொண்டார்.

கல்லூரிக்கு நேரில் போய்க் கேட்டுப் பார்த்தாள். கட்டின முன்பணம் திரும்ப வராது என்றார்கள். தவணை கேட்டு வருகிற அப்பாக்களிடம் அவள் சொல்கிற அதே தொனியில், "விதிமுறை அப்படித்தாங்க" என்றார் அங்கிருந்த எழுத்தர்.

இந்த முறை டாக்ஸி வைத்தாள். விமான நிலைய வாசலில் அவன் பெட்டி காற்றுப்போல் லேசாக இருந்தது. கட்டிக்கொள்ளவில்லை, அதற்குத் துணிவு வரவில்லை. ஒரே ஒரு பிச்சை கேட்டாள். "போறதுக்கு முன்னாடி ஒரு தடவை அம்மான்னு கூப்பிட்டுட்டுப் போடா."

அவன் உண்மையாகவே யோசித்தான். நல்ல பிள்ளை. யார் மனமும் நோகக்கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளை. தோள்பை வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மெல்லச் சொன்னான்:

"வேணாம். அம்மாவுக்குத் தெரிஞ்சா வருத்தப்படும்."

கதவு திறந்து அவனை வாங்கிக்கொண்டு மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகு ஒரு மாதம் கூடம் காலியாகவே கிடந்தது. ஆட்கள் வந்து கேட்டார்கள், அவள் கதவைத் திறக்கவில்லை. சம்பளம் வந்ததும் வழக்கம்போல் தங்கைக்குப் பணம் அனுப்பப் போனாள். அனுப்பிய பணம் திரும்பி வந்தது. பதறிப்போய்ப் போன் செய்தாள். தங்கை தயங்கித் தயங்கித்தான் சொன்னாள்: பையன் சாயங்காலத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குப் போகிறான், தன் படிப்புச் செலவைத் தானே பார்த்துக்கொள்கிறானாம், இனிமேல் அங்கிருந்து பணம் வாங்கினால் சாப்பிடமாட்டேன் என்கிறான். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன் அக்கா, என்று தங்கை அழுதாள். அவளுடைய அழுகையில் பொய் இல்லை.

மீட்டர் அக்கா போனைக் காதில் வைத்தபடி நின்றாள். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்ததெல்லாம் இனி யாருக்கு என்று கேட்க நினைத்தாள். அதற்குள் தங்கை பேச்சை வேறு பக்கம் திருப்பினாள்.

"அந்த மாடி சும்மா பூட்டிக் கிடக்குக்கா. அவன் அங்க ஏறவே மாட்டேங்கறான், கீழ எங்களோடவே படுத்துக்கறான். ஒரு நல்ல குடும்பம் வந்து கேக்கறாங்க. வாடகைக்கு விட்டுடலாமான்னு அவன்தான் உங்கிட்ட கேக்கச் சொன்னான்."

கண்ணிலிருந்து நீர் கன்னத்தில் வழிந்து கழுத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மகன் வாழ வேண்டும் என்று கட்டிய மாடி. அவள் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"எவ்வளவு தருவாங்களாம்?" என்றாள்.